கண்ணுக்குச் சங்கீதம்

கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பெரிய ரசிகர் என்று நாம் மதிக்கிறோம். சங்கீதத்துக்குக் காது போதும், கண் எதற்கு என்பது நம்முடைய பொதுவான எண்ணம். ஆனால் இதற்கு நேர்மாறாக எண்ணிய ஒரு கூட்டமும் உலகத்தில் இருந்து வந்திருக்கிறது. பாட்டு எழும்போது வெளிச்சமும் எழ வேண்டும், தாளம் விழும்போது விளக்கும் துடிக்க வேண்டும், ஒலியைக் கண்ணாலும் அனுபவித்துவிட வேண்டும் என்று அவர்கள் முந்நூறு வருஷங்களாகப் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தின் கடைசிக் குழந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பி ஏதும் இல்லாமல் டெலிபோனிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும் சிறிய பெட்டி. பாட்டுக்குத் தக்கபடி அதன் உடம்பைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஆடுகின்றன. கடையிலும் விற்கிறது, கைத்திறமை உள்ள பையன்கள் வீட்டிலேயே செய்தும் விடுகிறார்கள்.

விளையாட்டுச் சாமான் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஒரு கத்தோலிக்கத் துறவி, ஒரு ருஷ்ய சங்கீத மேதை, டெலிபோனைக் கண்டுபிடித்தவர், ஓர் ஹாலிவுட் நடிகை எல்லாரும் அதில் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே பெயர் தெரியாத ஒரு மனிதர் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறார். அவர் காது கேளாதவர். இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க என் மனம் அவரிடமே போய் நின்றது.

கதை நியூட்டனிடம் தொடங்குகிறது. 1704-ஆம் ஆண்டில் வெளிவந்த தம்முடைய ஒளி நூலில், வெள்ளை வெளிச்சம் பட்டகத்தின் வழியே பிரிந்து விழுவதை அவர் ஏழு நிறங்களாகப் பங்கிட்டார். அந்தப் பங்கீட்டுக்குச் சங்கீதத்தின் ஏழு இடைவெளிகளை ஒப்புமையாகவும் காட்டினார். ஏழு நிறம், ஏழு ஸ்வரம்! இப்படிப்பட்ட பொருத்தத்தைக் கண்டால் கற்பனை உள்ளவர்களுக்குத் தூக்கம் வராது. பிரான்ஸ் தேசத்தில் லூயி பெர்ட்ராண்ட் கஸ்தெல் என்ற ஏசு சபைத் துறவிக்கும் வரவில்லை. அவர் கணிதமும் பௌதிகமும் கற்றவர். நியூட்டனின் நிறக் கொள்கையை ஒத்துக்கொள்ளாதவர்; ஆனால் நிறத்துக்கும் ஒலிக்கும் உறவு உண்டு என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1725-ஆம் ஆண்டில் ஒரு பாரிஸ் பத்திரிகையில் தம் யோசனையை வெளியிட்டார். ஹார்ப்ஸிகார்ட் என்ற வாத்தியத்தின் கட்டையை அழுத்தினால் தந்தி ஒலிக்கிறது அல்லவா? அதே கட்டையை அழுத்தும்போது ஒரு திரை விலகி ஒரு வர்ணமும் தெரிந்தால் என்ன? காதுக்கு ஒரு கீர்த்தனை நடக்கும் அதே நேரத்தில் கண்ணுக்கும் ஒன்று நடக்குமே!

மின்சாரம் இல்லாத காலம் அது. வர்ணக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மெழுகுவத்தி, நடுவே கயிறும் கப்பியும் கட்டிய திரை என்று இவ்வளவையும் விரலின் வேகத்துக்கு ஓட வைக்க வேண்டும். கஸ்தெல் 1757-இல் இறக்கும் வரை ஏறக்குறைய முப்பது வருஷங்கள் இதோடு மல்லாடினார். ஜெர்மானிய இசைமேதை டெலிமான் பாரிஸுக்கு வந்துபோன பிறகு இந்தக் கருவியைப்பற்றி ஒரு விவரணையே எழுதி 1739-இல் வெளியிட்டார். ரூஸோவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நிறம் என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொருள்; ஒலியோ ஒன்று மறைந்து ஒன்று வரும் பொருள்; இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டலாமா என்பது அவருடைய ஆட்சேபம். அது நியாயமான ஆட்சேபம் என்றே எனக்கும் படுகிறது.

இந்த இடத்தில்தான் நம்முடைய பெயர் தெரியாத மனிதர் முதல் முறையாக வருகிறார். 1751-இல் தீதரோ, காது கேளாதவர்களையும் பேச இயலாதவர்களையும்பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். பிறவியிலேயே காது கேளாத ஒருவரைக் கஸ்தெலின் வர்ண வாத்தியத்தைப் பார்க்க அழைத்துச் சென்றார்களாம். அவர் உற்றுப் பார்த்தார். பிறகு தம் ஊகத்தைச் சைகையால் தெரிவித்தார். இதைச் செய்தவரும் தம்மைப் போலவே காது கேளாதவராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வர்ணமும் ஓர் எழுத்து. விரல்களை வேகமாக ஓட்டி எழுத்துகளைக் கூட்டி, சொல்லாக்கி, வாக்கியமாக்கி, அவர் மற்றவர்களோடு பேசுகிறார் என்று அந்த மனிதர் முடிவு கட்டிவிட்டார்!

சபையில் சிரிப்பு எழுந்திருக்கலாம். ஆனால் தீதரோ சிரிக்கவில்லை. அந்த ஊகத்தின் கூர்மையை மெச்சினார். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் இத்தனை கயிறும் கண்ணாடியும் கட்டி உழைத்திருக்கிறான் என்றால், அவன் எதையோ சொல்லத்தானே விரும்பியிருக்க வேண்டும்? கண்ணுக்கு முன் ஒரு வர்ணத்தைக் காட்டிவிட்டு, இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, இது வெறும் ஆனந்தம் என்றால் அவர் நம்புவாரா?

கஸ்தெலுக்குப் பின்னால் வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேறொரு வழக்கு இருந்தது. எந்த ஸ்வரத்துக்கு எந்த நிறம்? ஆங்கிலச் சுருதிக் கணக்கில் 'ஸி' என்பதற்குக் கஸ்தெல் நீலம் என்றார். 1893-இல் மின்விளக்குகளைக்கொண்டு வர்ண ஆர்கன் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய ஆங்கில ஓவியர் ரிமிங்டன் சிவப்பு என்றார். ருஷ்யாவில் ரிம்ஸ்கி கோர்ஸகோவ் அதே ஸி-யை வெள்ளையாகக் கண்டார். அவருடைய தேசத்தவரான ஸ்க்ரியாபினுக்கு அது சிவப்பு. 'டி' மஞ்சள் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப் போனார்கள்.

நம் நாடும் இந்தப் பட்டியலுக்குப் பின்தங்கியது அல்ல. கஸ்தெலுக்கு நானூறு, ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் இருந்த சார்ங்கதேவர், தம் சங்கீத ரத்னாகரத்தில் ஏழு ஸ்வரங்களுக்கும் நிறம் சொல்லியிருக்கிறார். ஷட்ஜம் தாமரை வர்ணம், காந்தாரம் பொன், மத்தியமம் குந்தமலரின் வெண்மை, பஞ்சமம் கறுப்பு, நிஷாதம் பல நிறக் கலவை. மற்ற ஸ்வரங்களுக்கு எப்படியாவது விளக்கேற்றிவிடலாம். கறுப்புப் பஞ்சமத்துக்கு எந்த விளக்கை ஏற்றுவது? நல்ல வேளையாக, சார்ங்கதேவர் யந்திரம் செய்யும்படி யாரிடமும் சொல்லவில்லை.

யந்திரம் வேண்டும் என்று கேட்டவர் ஸ்க்ரியாபின். 'பிரமீதியஸ்' என்ற தம் வாத்திய கோஷ்டி இசையில், வயலினுக்கும் குழலுக்கும் எழுதுவதுபோல் ஒளிக்கும் தனியாக ஒரு வரி எழுதி வைத்தார். 1911-இல் மாஸ்கோவில் அது முதன்முதலாக அரங்கேறியபோது ஒளி இல்லாமலே வாசிக்கும்படி ஆயிற்று. ஆனால் அவருடைய வீட்டில் ஒரு சிறு கருவி இருந்தது. மோஸர் என்ற நண்பர் செய்து கொடுத்தது. வட்டமான மரப் பலகையின்மேல் வர்ணமிட்ட சிறு மின்விளக்குகள் பதித்தது. பியானோவுக்குப் பக்கத்தில் அதை வைத்து அவர் பார்த்துக்கொண்டார். மாஸ்கோவில் அவர் வசித்த வீடு இப்போது நினைவு இல்லம். அந்தப் பலகையும் அங்கே இருக்கிறது. வீட்டில் கையால் செய்த ஒளிப் பெட்டிகளுக்கெல்லாம் அதை மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

ஒளியோடு கூடிய அரங்கேற்றம் 1915 மார்ச் 20-ஆம் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நடந்தது. குரோமோலா என்ற கருவியின் கட்டைகளை அழுத்த, மேடைத் திரையில் வர்ணங்கள் மாறின. பத்திரிகை விமரிசகர்களுக்கு மனம் நிறையவில்லை. ஸ்க்ரியாபின் அதைப் பார்க்கவே இல்லை. யுத்தக் காலம், அவர் ருஷ்யாவில் இருந்தார். உதட்டில் வந்த ஒரு புண் விஷமாகி, அடுத்த மாதக் கடைசியில் 43-ஆம் வயதில் இறந்தும் போனார். பின்னர் 1922-இல் டென்மார்க்கில் பிறந்த தாமஸ் வில்ஃப்ரெட் என்பவர் நியூயார்க்கில் தம் ஒளி வாத்தியத்தை இயக்கிக் காட்டினார். அவர் செய்த காரியம் விசித்திரமானது. சங்கீதத்தையே நிறுத்திவிட்டார்! ஒளி ஒரு தனிக் கலை, அதற்குப் பக்கவாத்தியம் வேண்டாம் என்று, நிசப்தத்தில் வர்ணங்களை அலையவிட்டார். ரூஸோவின் ஆட்சேபத்துக்கு இதைவிட மரியாதையான பதில் வேறு இல்லை.

ஸ்வரத்துக்கு நிறம் ஒதுக்கும் வழி இப்படி முட்டுச்சந்தில் போய் நின்றது. ஆனால் இதற்குள் இன்னொரு வழி, யாரும் தேடாமலே திறந்திருந்தது. இந்த ஸ்வரத்துக்கு இந்த வர்ணம் என்று உத்தரவு போடாமல், ஒலியே தன் கையால் விளக்கை ஆட்டட்டும் என்று விட்டுவிடும் வழி.

அமெரிக்க விஞ்ஞானப் பேராசிரியர் ஜான் லகான்ட் ஒரு நாள் இரவு நண்பர்களோடு சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்தார். பீத்தோவனின் இசை, பியானோ, வயலின், செல்லோ. சுவரில் மீன்வால் வடிவத்தில் காஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லோ வாசிக்க ஆரம்பித்ததும் சுடர் துடித்தது. தற்செயல் என்று நினைத்தார். கவனித்துப் பார்த்தால், செல்லோவின் அழுத்தங்களுக்குச் சரியாகச் சுடர் குதித்தது. கமகம்போல ஸ்வரம் நடுங்கிய இடத்தில் சுடரும் நடுங்கியது. 1858-இல் இதை எழுதி வெளியிட்டபோது, அந்தச் சுடரைப் பார்த்திருந்தால் காது கேளாதவருக்கும் இசை புலப்பட்டிருக்கும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். நம் மனிதர் இரண்டாம் முறையாக வந்துவிட்டார். இந்தத் தடவை அவர் அந்த அறையில் இல்லை. அவர் சார்பில் மற்றொருவர் பேசுகிறார்.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஜான் டிண்டல் இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டார். காஸின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சுடர் சீறத் தொடங்கும். அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிட்டால், மிகச் சிறிய ஒலியும் அதைத் தள்ளிவிடப் போதும். கோபத்தை அடக்கிக்கொண்டிருப்பவனிடம் ஒரு சொல் போதாதா, அதுபோல. அவர் 24 அங்குல உயரத்துக்கு ஒரு சுடரை வளர்த்து வைத்திருந்தார்; தூரத்தில் பட்டறைக்கல்லில் லேசாகத் தட்டினால் அது 7 அங்குலத்துக்குச் சுருங்கிவிடும். ஆங்கிலக் கவிதையை அதற்கு எதிரே வாசித்தால் சில எழுத்தோசைகளுக்கு மட்டும் தலைவணங்கும், மற்றவற்றைக் கவனிக்காது. பாரிஸில் ருடால்ஃப் கோனிக் இன்னும் ஒருபடி போனார். அவர் வயலின் செய்யும் தொழில் கற்றவர். ஒரு சிறு கிண்ணத்தை மெல்லிய சவ்வினால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் காஸையும் மறுபக்கம் மனிதக் குரலையும் விட்டார். குரல் சவ்வை அசைக்க, சவ்வு காஸை அசைக்க, சுடர் ஏறி இறங்கும். சுழலும் கண்ணாடியில் அதைப் பார்த்தால் பல் பல்லாக ஒரு கோலம் தெரியும். 'ஆ'வுக்கு ஒரு கோலம், 'ஊ'வுக்கு வேறு கோலம்.

இந்தக் கோலம் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லின் கண்ணில் பட்டது. அவர் காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியர். அவருடைய தாயாருக்குக் காது மந்தம். தாயின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தணிந்த குரலில் பேசுவாராம். அவர் பின்னால் மணந்துகொண்ட மேபல், ஐந்து வயதில் வந்த விஷக் காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தவர். ஒரு குழந்தை, தன் குரல் எழுப்பும் சுடர்க் கோலத்தையும் ஆசிரியரின் குரல் எழுப்பும் கோலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளாதா என்று பெல் 1874-இல் கோனிக்கின் சுடரோடு சோதனைகள் செய்தார். நினைத்தபடி அது பாடக்கருவி ஆகவில்லை. ஆனால் ஒலியின் வடிவத்தைப்பற்றிய அந்த யோசனைகள்தான் அவரை 1876-இல் டெலிபோனில் கொண்டுபோய்விட்டன.

டெலிபோனோடு அவர் நிற்கவில்லை. 1880-இல் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து 213 மீட்டர் தூரத்தில் இருந்த தம் ஆராய்ச்சிச்சாலைக்கு, கம்பியே இல்லாமல் பேச்சை அனுப்பிக் காட்டினார். மெல்லிய கண்ணாடி ஒன்றின் பின்புறம் பேச, அது அதிர, அதில் பட்டுத் திரும்பிய சூரிய வெளிச்சமும் அதிர்ந்தது. மறுமுனையில் செலினியம் என்ற பொருள் அந்த வெளிச்சத்தை மீண்டும் ஒலியாக்கியது. மார்க்கோனிக்கு முன்பே கம்பியில்லாப் பேச்சு! தம் கண்டுபிடிப்புகளிலெல்லாம் இதுவே பெரியது என்று பெல் கருதினார். அந்தச் சமயம் பிறந்த பெண்குழந்தைக்கு இந்தக் கருவியின் பெயரான 'ஃபோட்டோஃபோன்' என்பதையே வைக்க ஆசைப்பட்டாராம். நல்ல வேளை, மேபல் சம்மதிக்கவில்லை.

அதே 1880-ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியில் மிலான் நகரத்தில் வேறொரு காரியம் நடந்தது. காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மகாநாடு அது. பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கிவிட்டு, வாய்ப்பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பெல்லும் வாய்ப்பேச்சு முறையில் திடமான நம்பிக்கை உள்ளவர்தாம். அதன்பின் பல தேசங்களில், பல தலைமுறைகளாக, வகுப்பில் கையால் பேசிய குழந்தைகள் அடக்கப்பட்டார்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மகாநாடு அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருஷங்கள்! கஸ்தெலின் வர்ணங்களைப் பார்த்து, இது கண்ணால் படிக்கும் பாஷை என்று சொன்ன மனிதரின் சந்ததியிடம் இருந்த கண்ணின் பாஷையைப் பிடுங்கிக்கொண்டு, அவர்களுக்கு உபகாரம் செய்ததாக நல்லவர்கள் பலர் திருப்திப்பட்டார்கள் என்பது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம்.

இருபதாம் நூற்றாண்டில் ஆடும் வெளிச்சம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. 1935-இல் அமெரிக்க ரேடியோப் பெட்டிகளில் 'மாயக் கண்' என்ற வால்வு வந்தது. பச்சை ஒளிவட்டத்தில் ஒரு கறுப்பு நிழல் இருக்கும்; நிலையம் சரியாகக் கிடைத்தால் நிழல் ஒடுங்கும். என் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. இலங்கை வானொலியைப் பிடிப்பதற்கு அந்தப் பச்சைக் கண்தான் வழிகாட்டி என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். டேப் ரிக்கார்டர்களில் அதே கண், குரலின் பலத்துக்கு ஏற்பத் துடிக்கும் வேலையைச் செய்தது. 1957-இல் தைரிஸ்டர் என்ற மின்சார வாயிற்காவலன் பிறந்தான். சிறு ஒலி மின்சாரத்தைக்கொண்டு பெரிய விளக்குகளை ஏற்றி அணைக்க முடிந்தது. அறுபதுகளில் அமெரிக்கப் பொழுதுபோக்குப் பத்திரிகைகள் வீட்டிலேயே 'வர்ண ஆர்கன்' செய்யும் முறையை வரைபடத்தோடு வெளியிட்டன. ஸ்வரத்துக்கு ஒரு நிறம் என்ற பழைய வழக்கை அவை எழுப்பவே இல்லை. கனத்த ஒலிக்கு ஒரு விளக்கு, நடுத்தரத்துக்கு ஒன்று, கூரிய ஒலிக்கு ஒன்று, அவ்வளவுதான். லகான்டின் காஸ் சுடர் மூன்றாகப் பிரிந்து மின்சாரத்தில் எரிந்தது.

1962-இல் சிவப்பு எல்.இ.டி. விளக்கு வந்தது. நீலத்துக்கு இன்னும் முப்பது வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. கம்பியில்லாத் தொடர்புக்கு, ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய வேலை, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயரால் 'புளூடூத்' ஆயிற்று. இந்த அலை ஓரிடத்தில் நிற்பதில்லை. 79 பாதைகளில் விநாடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் போகிறது. பாதை மாறி மாறித் தாவும் இந்தத் தத்துவத்தில் 1942-இலேயே ஒரு காப்புரிமை உண்டு. அதை வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும், ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசைக்கலைஞரும். தானே வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் பார்த்து, பியானோக் கட்டைகளின் எண்ணிக்கையான 88 பாதைகளை வைத்தே அவர்கள் தங்கள் திட்டத்தை அமைத்தார்கள். சங்கீதத்துக்கும் கம்பியில்லாத் தந்திக்கும் இப்படியும் ஓர் உறவு.

இவ்வளவும் சேர்ந்த பெட்டி ஒன்று உருவாவதை நான் என் தங்கை வீட்டில் கிட்ட இருந்து பார்த்தேன். அவளுடைய பையனுக்குப் பதினாறு வயது. சென்னை ரிச்சி தெருவில் சாமான்களைப் பொறுக்கி வந்தான். ஒட்டுப்பலகையில் பெட்டி, மூன்று அங்குல ஸ்பீக்கர் இரண்டு, டெலிபோனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுத் தகடு ஒன்று, அதைப் பெருக்கிக் கொடுக்கும் தகடு ஒன்று, பாட்டரி. பெட்டியின் மூலைகளில் காற்றுப் புகாதபடி பசையை இழுத்து இழுத்துப் பூசினான். காற்றுக் கசிந்தால் கனத்த ஒலி செத்துவிடுமாம். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி மின்சாரத்தில் ஒரு துளியைக் கிள்ளி இன்னொரு சின்னத் தகட்டுக்குக் கொடுத்தான். அது ஒலியைக் கனம், நடுத்தரம், கூர்மை என்று மூன்றாகச் சலித்து அளந்து, விளக்குச் சரங்களுக்குக் கட்டளை போடுகிறது.

"கனத்த ஒலிக்கு ஏன் சிவப்பு வைத்தாய்?" என்று கேட்டேன். கஸ்தெலும் ஸ்க்ரியாபினும் எனக்குப் பின்னால் நின்று காத்திருப்பதுபோல் இருந்தது.

"சிவப்புச் சரம்தான் மாமா நீளமா கிடைச்சுது" என்றான்.

அவனுக்கு ஓர் அக்கா உண்டு. இரண்டு வயதிலிருந்து காது கேட்காது. சைகையில் பேசுவாள், நிறையப் படிப்பாள். இந்தப் பெட்டியே அவளுக்காகத்தான். அக்காவும் பாட்டு பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம். பெட்டி முடிந்த அன்று அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். மூன்று வர்ணமும் சுவரெல்லாம் துள்ளின. நாங்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பாட்டு முடியும் வரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கைகளை அசைத்தாள். பையன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னடா சொல்கிறாள்?"

"விளக்கு ரொம்பப் பேசுதாம் மாமா. ஒண்ணுமே சொல்லலையாம்."

அவள் அதோடு விடவில்லை. எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். மறுபடியும் போடு என்றாள். பச்சையையும் நீலத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். சிவப்பு மட்டும் கையில் படும் அதிர்வோடு ஒத்துப் போகிறது, அது இருக்கட்டும் என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: பாட்டின் வார்த்தைகள் எங்கே? பையன் டெலிபோனில் பாட்டின் வரிகளைத் தேடி எடுத்து அவள் முன் வைத்தான். ஒரு கை பெட்டியின்மேல், கண் எழுத்தின்மேல். அந்தப் பாட்டை அவள் நாலு தடவை போடச் சொன்னாள்.

காது கேளாதவர்களுக்கு அதிர்வு புதிய சமாசாரம் அல்ல. ஸ்காட்லாந்தின் பிரபல தாளவாத்தியக் கலைஞர் எவெலின் க்ளென்னி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் சக்தியைப் பெரும்பாலும் இழந்தவர். காலணியைக் கழற்றிவிட்டு மேடையின் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து வாசிக்கிறார். ஆகவே என் தங்கையின் பெண் செய்தது அதிசயம் என்று நான் சொல்ல வரவில்லை. அவளிடம் யாரோ ஒருவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள், அந்தப் பதிலுக்கு ஏற்பப் பெட்டி மாறியது. லகான்டின் கட்டுரையிலும் மிலான் மகாநாட்டிலும் நடக்காமல் போனது இந்தச் சின்னக் காரியம்தான்.

வெளிச்சம் சங்கீதத்தை மொழிபெயர்த்துவிடும் என்று நம்பியவர்கள் எல்லாரும் தோற்றுத்தான் போனார்கள். ஒலியின் பலத்தை மட்டும் காட்டுகிறேன் என்று அடக்கமாக வந்த விளக்கு பிழைத்துக்கொண்டது. அது பொய் சொல்வதில்லை. இங்கே ஏதோ ஒலிக்கிறது என்று மட்டும் தெரிவிக்கிறது. மீதியை மனிதர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். பாரிஸில் அந்தப் பெயர் தெரியாத மனிதர் வர்ணங்களுக்கு நடுவே எழுத்தைத் தேடினார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. என் தங்கையின் பெண் கேட்டதும் எழுத்தைத்தான். இருநூற்று எழுபது வருஷங்களுக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு பேர், ஒரே யந்திரத்தைப் பார்த்து ஒரே குறையைச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்தக் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.